தாயைப் பேண வந்த மகள்: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

தாயன்புக்கு ஈடானது இவ்வுலகில் வேறில்லை என்பர் பெரியோர். அவ்வன்பைப் பெற்றவர் பலர். பெற்ற அன்பைத் தம் தாய்க்கு முதுமையிலும் நோயிலும் திருப்பிக் கொடுத்தவர் சிலர். தம் தாய்க்குக் கொடுத்ததோடு அமையாது, ஊரார் வீட்டுத் தாய்மார் அனைவருக்கும் அதனைப் பகிர்ந்தளித்தவர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் ஒருவரான டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

வேலூர் அம்மையாரைத் திருப்பதித் தமிழர் நினைப்பானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை நம் ஊர் இருப்புப்பாதையிலேயே இருக்கின்றது. திருப்பதியிலிருந்து சந்திரகிரி, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி செல்லும் பாதை அது. ரயில்வேயில் குமாஸ்தாவாகிய நாம் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்து நாள்தோறும் காண்பது இருவகைப் பிரயாணிகளை. முடி இறக்கிச் சந்தனம் பூசி, திருவேங்கடவனைத் தரிசித்த மகிழ்ச்சியோடு ஊர் திரும்புவோர் ஒரு சாரார். எக்ஸ்ரே படம் வைத்த பெரிய உறையையும், மடித்து மடித்து நைந்த மருந்துச் சீட்டுக்களையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் காட்பாடிக்கு டிக்கெட் கேட்போர் மற்றொரு சாரார். தெலுங்கரும் தமிழரும், இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அவ்வரிசையில் நிற்கின்றனர். காட்பாடியில் இறங்கி அவர்கள் நாடிச் செல்லும் ஆஸ்பத்திரி, ஒரு மகள் தன் தாயைப் பேண வந்ததன் பயனாக எழுந்தது.

ஐடா அம்மையாரின் குடும்பம் அமெரிக்க நாட்டைச் சேர்ந்தது. பாட்டனாராகிய ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவர் 1819ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தமக்கிருந்த வைத்தியத் தொழிலைத் துறந்து இலங்கை யாழ்ப்பாணத்துக்கு வந்தார். பின்னர் சென்னைக்கு மாறினார். அவருடைய மக்கள் எழுவர் இந்நாட்டில் மிஷன் தொண்டு புரிந்தனர். அவருட் சிலர் 1853இல் நிறுவியதே ஆற்காட்டு மிஷன். வேலூர், ஆரணி ஆகிய ஊர்களோடு நம் சித்தூரும் அம்மிஷனின் தொடக்க நிலையங்களுள் ஒன்று. பின்னர் மதனப்பள்ளியிலும் அது கால் ஊன்றியது. அந்நாளில் சித்தூரும் திருப்பதியும் வேலூரும் வட ஆற்காடு ஜில்லாவுக்குள்ளேயே இருந்தன. ஜில்லாவின் தலைநகரும் சித்தூரே. 1911ஆம் ஆண்டில்தான் சித்தூர் ஜில்லா தனியே பிரிந்தது. எல்லைகள் பின்னர் வந்தவை. நோயும் அதற்கு மருந்து தேடும் மக்களின் நடையும் அவற்றுக்கு முன்னரே இருந்தவை.

எழுவருள் ஒருவராகிய இரண்டாம் ஜான் ஸ்கடரின் மனைவியார் சோபியா அம்மையார். இவர் 1861இல் கணவரோடு இந்தியாவுக்குப் புறப்பட இருந்தபோது, மெலிந்த உடலினராகிய இவர் இந்நாட்டு வெயிலைத் தாங்கமாட்டார் என மிஷன் சங்கத்தார் தயங்கினர். அப்படித் தயங்கப்பட்டவரே பின்னர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொண்டு புரிந்து, தம்மினும் வலியோர் பலரைக் கடந்து வாழ்ந்தார். அவருக்கு ஐந்து ஆண்மக்களுக்குப் பின்னர் ஒரே பெண்ணாக, 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா.

குழந்தைக்கு ஆறு வயதாகும்போது, 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் வந்தது. எலும்பும் தோலுமாய் வந்து நின்ற குழந்தைகளுக்கு ஸ்கடர் தம்பதியர் உணவளித்தனர். கையில் கொடுத்த ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகவும் வலுவற்ற பிள்ளைகளுக்கு, அதைத் துண்டு துண்டாக்கி ஊட்டும் வேலை சிறுமி ஐடாவுக்கு வாய்த்தது. சாலையோரத்தில் பிள்ளைகள் மாண்டு கிடந்த காட்சி அவர் உள்ளத்தினின்று அகலவில்லை.

குடும்பம் 1878இல் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் தந்தையார் மீண்டும் இந்தியா வந்தார். தாயாரும் மகளைச் சிக்காகோ நகரில் உறவினரிடம் விட்டுவிட்டுக் கணவரைத் தொடர்ந்தார். அன்று அச்சிறுமி வடித்த கண்ணீருக்கு அளவில்லை. தன் தாயைத் தன்னிடமிருந்து பிரித்த நாடு என்றே இந்தியாவை எண்ணலாயிற்று அவ்விளம் உள்ளம். குலத்தில் பலர் மிஷன் தொண்டுக்கு வந்திருந்தும், தாம் அவ்வழியிற் செல்வதில்லை என்று உறுதி கொண்டார். அமெரிக்காவில் படித்து, மணம் புரிந்து, இனிதே வாழ்தல் வேண்டும் என்பதே அவர் விருப்பம். அதனைக் குறையென்று கூற யாருக்கும் உரிமையில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்பீல்டு கலாசாலையில் படிப்பை முடித்த வேளையில் இந்தியாவிலிருந்து செய்தி வந்தது. தாயார் நோயுற்றிருக்கிறார், பேணுவதற்கு மகள் வேண்டும். ஐடா 1890இல் கப்பலேறினார். தந்தையார் அப்போது திண்டிவனத்தில் மருத்துவத் தொண்டு புரிந்து வந்தார். தாயாருக்குப் பணிவிடை செய்வதும், வீட்டு நிர்வாகத்தைக் கவனிப்பதும், மிஷன் பள்ளியிற் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் மகளின் அன்றாட அலுவல்களாயின. தாய் குணமானதும் திரும்பிவிடுவது என்னும் எண்ணம் மட்டும் மாறவில்லை.

அதனை மாற்றியது ஓர் இரவு. அவ்விரவில் அவர் வீட்டுக் கதவு மும்முறை தட்டப்பட்டது. முதலில் வந்தவர் ஓர் அந்தண இளைஞர். சிறுமி என்றே சொல்லத்தக்க அவர் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். நாட்டு மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ஐடா தந்தையாரை அழைத்து வருவதாகக் கூறினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பது குலவழக்கத்துக்கு ஒவ்வாது என்றும், ஐடாவே வரவேண்டும் என்றும் அவர் வேண்டினார். தாம் வைத்தியம் பயிலாதவர் என்று இவர் கூற, அவர் தலை கவிழ்ந்து சென்றார். சற்று நேரத்தில் வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் இல்லத்திலும் அதே துன்பம். கோஷா வழக்கத்தினால் அங்கும் ஆண் மருத்துவர் நுழைய இயலாது. மூன்றாவதாக வேறொரு குலத்து இந்து வந்து அதே வேண்டுகோளை விடுத்து, அதே மறுமொழியைப் பெற்றுத் திரும்பினார். மூன்று வீடுகளும் வேறு வேறு சமயமும் சாதியும் சார்ந்தவை. மூன்றிலும் அடைபட்டிருந்த கதவு ஒன்றே.

பொழுது விடிந்ததும் ஊருக்குள் பறையொலி கேட்டது. ஐடா வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயினர். அவர்களைக் கைவிட்டது யார்? வழக்கமா, மருத்துவச்சியா, கணவன்மாரா என்று பிறர்மீது பழி சுமத்தி அமைந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஆடவர் வரலாகாது என்பது ஊர் வழக்கமாயின், பெண்ணொருத்தி வைத்தியம் கற்று வருதல் வேண்டும். அதைச் செய்யும் கடன் தம்முடையது என்று தீர்மானித்தார். மணம் புரிந்து அமெரிக்காவில் வாழும் ஆசையை அன்றே துறந்தார்.

ஈண்டு ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். தாயைப் பேணவன்றோ அவர் வந்தார்? வைத்தியம் கற்கப் போவதாயின் அத்தாயை விட்டுப் பல்லாண்டுகள் பிரிதல் வேண்டும். சிறுமியாயிருந்தபோது தாய் மகளை விட்டுச் சென்றார். இப்போது மகள் தாயை விட்டுச் செல்ல நேர்ந்தது. சோபியா அம்மையார் தடை சொல்லவில்லை. பெற்ற மகளின் பணிவிடை தமக்கு மட்டும் உரியதென்று பற்றிக்கொள்ளாது விட்டுக்கொடுத்த அத்தாயின் மனத்தை வரலாறு எழுதுவோர் விரித்துரைப்பதில்லை. நாமோ அதனையே இவ்வரலாற்றின் அடிவேர் என்று கருதுகின்றோம்.

ஐடா 1895இல் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். பின்னர் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடமளிக்கவே, அதற்கு மாறி 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கென ஆஸ்பத்திரி கட்டப் பொருள் திரட்டும் பொறுப்பும் அவர்மேல் வந்தது. நியூயார்க்கில் ஷெல் என்னும் வங்கி அதிபர் ஒருவர், காலஞ்சென்ற தம் மனைவியாரின் நினைவாகப் பதினாயிரம் டாலர் நல்கினார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா மீண்டும் இந்திய மண்ணை மிதித்தார்.

தந்தையாரிடம் சில ஆண்டுகள் பழகித் தொழில் தேர்வோம் என்று எண்ணியிருந்தார். அதுவும் கைகூடவில்லை. அவ்வாண்டிலேயே தந்தையார் புற்றுநோயால் காலமானார். அனுபவமில்லாத இளம் மருத்துவரும் கைம்மையுற்ற தாயாரும் தனித்து நின்றனர். சோபியா அம்மையார் தாய்நாடு திரும்பியிருக்கலாம். அவரோ மகளோடு வேலூரிலேயே தங்கிவிட்டார். தாயைப் பேண மகள் வந்தது போக, மகளின் தொண்டுக்குத் தாய் துணை நிற்கும் காலம் வந்தது.

தம் இல்லத்து அறையொன்றில் ஒரே படுக்கையோடு ஐடா வைத்தியத்தைத் தொடங்கினார். சமையற்காரரின் மனைவியாகிய சலோமி என்னும் பெண்மணியையே துணையாகப் பழக்கினார். முதலில் ஊரார் தயங்கினர். அந்நியப் பெண்ணின் மருந்தை நம்ப அஞ்சினர். நாளடைவில் அத்தயக்கம் நீங்கிற்று. இரண்டாண்டுகளில் 5,000 நோயாளருக்கு அவர் சிகிச்சை செய்தார் என்பர். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அவ்விடமே இன்று கண் மருத்துவமனையாக விளங்குகின்றது.

ஆஸ்பத்திரி வேலூரில் இருந்தது. நோயாளரோ கிராமங்களில் இருந்தனர். வர இயலாதவரை நாடித் தாமே செல்வது என்று அம்மையார் முடிவு செய்தார். வாரம் ஒருநாள் குடியாத்தம் செல்லலானார். தொடக்கத்தில் மாட்டு வண்டி. 1909இல் பிரெஞ்சு நாட்டு மோட்டார் வண்டியொன்று கிடைத்தது. மாடும் குதிரையும் இன்றி ஓடிவரும் அதனைப் பேயென எண்ணி மக்கள் வயலுக்குள் ஓடி ஒளிந்தனராம். சில வாரங்களில் அதே மக்கள் சாலையோர மரங்களின் நிழலில் வரிசையாய் அமர்ந்து அவ்வண்டியின் வரவுக்குக் காத்திருந்தனர். புண்ணைக் கழுவிக் கட்டுதல், கண்ணுக்கு மருந்திடுதல், காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுத்தல், அறுவை தேவைப்படுவோரை வண்டியிலேற்றி வேலூருக்குக் கொண்டுவருதல் ஆகிய யாவும் அம்மரத்தடியிலேயே நிகழ்ந்தன. ஊரார் விலக்கிவைத்த தொழுநோயாளரும் அங்கே விலக்கப்படவில்லை.

இத்துணை உழைத்தும் அம்மையாரின் உள்ளம் நிறைவு பெறவில்லை. ஒரு மருத்துவர் எத்தனை கதவுகளைத் திறக்க இயலும்? தாம் ஒரு வீட்டிலிருக்கும் வேளையில் பத்து வீடுகளில் பெண்கள் மடிகின்றனரே! இந்நாட்டுப் பெண்களையே செவிலியராகவும் மருத்துவராகவும் ஆக்கினாலன்றி இத்துயர் தீராது என்று அவர் கண்டார். 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். பிறருடைய இரத்தத்தையும் மலத்தையும் தொடுவது இழிதொழில் என்று கருதப்பட்ட காலம் அது. தாய் தன் குழந்தைக்குச் செய்யும் பணியை எவரும் இழிவென்று கூறுவதில்லை. அதே பணியைப் பிறருக்குச் செய்தால் மட்டும் அது இழிவாவது எங்ஙனம்? அப்பயிற்சியே வளர்ந்து 1946இல் பட்ட வகுப்பாயிற்று.

பெண்களுக்கு மருத்துவப் பள்ளி நிறுவ வேண்டும் என்ற அவர் கருத்தைக் கேட்டு மேலதிகாரிகள் புன்னகை செய்தனர். மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிது என்று ஐயுற்றனர். வந்த விண்ணப்பங்களோ 151. சென்னை மாகாண கவர்னராயிருந்த பெண்ட்லண்ட் பிரபு 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பள்ளியைத் திறந்துவைத்தார். போதிய கட்டடமில்லை, ஆசிரியருமில்லை, பல பாடங்களை அம்மையாரே நடத்தினார். ஆடவர் பள்ளிகளிலிருந்து எழுதியோருட் பெரும்பாலோர் தவறிய அரசாங்கத் தேர்வில், இவரிடம் பயின்று எழுதிய முதல் வகுப்பினர் 14 பேரும் தேறினர். அப்பள்ளியிற் பயின்ற பெண்கள் தென்னாட்டின் பல ஊர்களுக்கும் சென்று, ஒரு காலத்தில் அடைபட்டிருந்த கதவுகளைத் தட்டாமலே திறந்தனர்.

நம் சித்தூர்ப் பகுதியும் அக்காலத்து மருத்துவத் தொண்டில் பங்கு பெற்றது. மதனப்பள்ளியில் ஆற்காட்டு மிஷனின் மேரி லாட் லைல்ஸ் ஆஸ்பத்திரி எழுந்தது. வேலூரில் ஐடா அம்மையாரோடு பணிபுரிந்த டாக்டர் லூயிசா ஹார்ட் அம்மையார் அங்கே தொண்டாற்றினார். மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில், பல மிஷன்கள் ஒன்றுகூடி அமைத்த காசநோய் நிலையத்தை டேனிஷ் மருத்துவர் பிரிமாட் மொல்லர் வளர்த்தார். காசத்துக்கு நல்ல மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்நாளில், தூய காற்றும் ஓய்வும் சத்துணவும் இடையறாப் பணிவிடையுமே மருந்தாயிருந்தன. தென்னாட்டின் பல ஊர்களிலிருந்தும் நோயாளர் அம்மலைச் சாரலை நாடி வந்தனர்.

வேலூரில் சோபியா அம்மையார் முதுமையிலும் மகளின் இல்லத்தை நடத்தி, மாணவியருக்கும் செவிலியருக்கும் பாட்டியாராய் விளங்கினார். எண்பது வயதைக் கடந்து 1925இல் அவர் மறைந்தார். ஓய்வொழிவில்லாத வேலைகளுக்கிடையிலும் தாயாரைக் கடைசி வரையில் தம்மோடு வைத்துப் பேணினார் மகள். 1890இல் எதற்காகக் கப்பலேறினாரோ அக்கடமையை அவர் 35 ஆண்டுகளுக்குப் பின்னும் மறந்தாரில்லை. ஊருக்குத் தொண்டு செய்வோர் வீட்டை மறப்பதுண்டு. வீட்டைப் பேணுவோர் ஊரை மறப்பதுண்டு. இரண்டினையும் ஒரு தராசில் நிறுத்தியவர் இவ்வம்மையார்.

அம்மையார் மணம் புரிந்துகொள்ளவில்லை. வயிற்றில் பிள்ளை பெறவில்லை. ஆயினும் ஆஸ்பத்திரியில் விடப்பட்ட அநாதைக் குழந்தைகளைத் தம் பிள்ளைகளாக ஆதரித்தார். மாணவியர் அவரை ஐடா அத்தை என்று உரிமையோடு அழைத்தனர். முதிர்ந்த வயதிலும் டென்னிஸ் ஆட்டத்தில் இளையோரைத் தோற்கடித்து மகிழ்ந்தார். பெயரும் இந்தியா என்னும் சொல்லும் தவிர வேறு விலாசம் எழுதப்படாத கடிதம் ஒன்று வெளிநாட்டிலிருந்து அவரிடம் ஒழுங்காக வந்து சேர்ந்தது என்பர்.

முதுமையிலும் சோதனை விட்டபாடில்லை. 1930களின் இறுதியில் சென்னை அரசாங்கம், மருத்துவக் கல்வி இனிப் பல்கலைக்கழகப் பட்ட வகுப்பாகவே இருத்தல் வேண்டும் என்று விதித்தது. அதற்கேற்ற கட்டடமும் கருவியும் பேராசிரியரும் இல்லையேல் பள்ளியை மூடவேண்டியதே. எழுபது வயதைக் கடந்த அம்மையார், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராய்ப் பொருள் திரட்டினார். 1942இல் பட்ட வகுப்பு தொடங்கிற்று. 1947இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்கென்றே பணம் உதவிய அன்பர் சிலர் இதனை எதிர்த்தனர். அம்மையாருக்கும் மனப்போராட்டம் இருந்தது. முடிவில், நிலையம் வாழ்வதே பெரிது என்று துணிந்தார். 1946இல் பொறுப்பினின்று விலகினார். விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் பின்னர் தலைமை ஏற்றார். இந்நாட்டுப் பெண்களே இந்நாட்டுப் பெண்களைக் காக்க வேண்டும் என்ற கனவு ஓர் ஆந்திர நங்கையின் கையில் நனவாயிற்று.

கொடைக்கானலில் ஓய்வு பெற்றிருந்த ஐடா அம்மையார், 1960ஆம் ஆண்டு மே மாதம் தம் 89ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருடல் வேலூரில் அடக்கம் செய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா அவர் நினைவாகத் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. ஒரு படுக்கையில் தொடங்கிய வைத்தியம் இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என நாடறிய நிற்கின்றது. வங்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் அதனை நாடி வருகின்றனர். சித்தூர் ஜில்லா குடிபாலா வட்டாரத்திலும் அதன் கிளையொன்று இயங்குகின்றது.

அன்பர்களே! பிறந்த மண் ஒன்றும் பிழைக்க வந்த மண் ஒன்றுமாய் வாழும் நம்மைப்போலவே, இரு நாட்டுக்கும் உரியவராய் வாழ்ந்தவர் இவ்வம்மையார். வந்த மண்ணை அவர் வாடகை வீடாக எண்ணவில்லை. அவரை நாம் நினைவுகூர்வது மலர்த் தாள்களோடு முடிந்துவிடலாகாது. நம் டிக்கெட் ஜன்னலுக்கு வருவோருள், நோயுற்ற தாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மொழியறியாமலும் வழியறியாமலும் தனித்து நிற்கும் மகளிரைக் காண்கின்றோம். சில நாட்களில், தனியே பிரயாணம் செய்யும் முதியோரையும் காண்கின்றோம். காட்பாடி வரை கூடச் செல்லவும், ஆஸ்பத்திரியிற் பெயர் பதியவும், இரவு ஒருபொழுது அருகிலிருக்கவும் இயன்றோர் நம் சங்கத்தில் இல்லாமற் போகவில்லை. துணையற்ற நோயாளருக்குத் துணை செல்வோர் பெயர்ப்பட்டியல் ஒன்றை நம் சங்கம் வைத்துக்கொள்ளுமாயின், அதிலே முதற்பெயராக நம் பெயரை எழுதிக்கொள்க என்று பணிவோடு வேண்டுகின்றோம்.

அன்று ஓரிரவில் மூன்று முறை கதவு தட்டப்பட்டது. நம் கதவு தட்டப்படும்போது, நமக்குத் தெரியாது என்று கூறி அனுப்பாதிருப்போமாக. ஐடா அம்மையார் புகழும், அவரை ஈன்று நாட்டுக்கு ஈந்த அன்னை சோபியாவின் புகழும் ஓங்குக!